முற்பணம் அனுப்பும் முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்: இயந்திரம் வாங்கச் சீனா செல்லும் எம்மவர்களுக்கு

கடந்த வாரம் மல்லாவியில் இருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். அரிசிமா அரைத்துப் பொதி செய்யும் சிறு தொழில் ஒன்றைத் தொடங்கும் முயற்சியில் இருக்கிறார். சீனாவில் உள்ள ஒரு விற்பனையாளருடன் மூன்று வாரமாக இணையத்தில் பேசி விலையும் முடித்துவிட்டாராம். "அக்கா, முப்பது வீதம் முற்பணம் கேட்கினம். கணக்கு இலக்கமும் தந்திட்டினம். நாளைக்கு அனுப்பட்டோ?" என்றார். கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். கைபேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளின்ர பெயரில கிடக்கு" என்றார்.

அனுப்ப வேண்டாம் என்றேன். 2019 ஆம் ஆண்டு நான் பணம் அனுப்பியபோது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

நாங்கள் கிளிநொச்சியில் ஒன்பது பெண்கள் சேர்ந்து மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா செய்து விற்கிறோம். மீள்குடியேறிய காலத்தில் ஒரு அடுப்படியில் தொடங்கிய வேலை. பொலித்தீன் பையின் வாயை மெழுகுதிரிச் சுடரில் பிடித்து ஒட்டித்தான் கடைகளுக்குக் கொடுத்தோம். கடைகளில் கேள்வி கூடியபோது பொதியிடும் இயந்திரம் ஒன்று வாங்க முடிவு செய்து, ஐந்து பேரின் நகைகளை அடகு வைத்து 1,650 டொலர் முற்பணமாகச் சீனாவுக்கு அனுப்பினோம். பணம் போய்ச் சேர்ந்த மறுவாரம் விற்பனையாளரின் பக்கமே இணையத்தில் இல்லை. நகைகளில் ஒரு பகுதி மீண்டது. மற்றது 2022 இல் ரூபா விழுந்த நேரத்தில் ஏலத்தில் போனது. ஒரு சங்கிலிக்குரியவர் இன்றும் எங்களுடன்தான் வேலை செய்கிறார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பாரம்.

2024 சித்திரையில் நானே குவாங்சோ நகருக்குப் போய் எட்டு நாள் நின்று, இயந்திரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கி வந்தேன். அந்தப் பயணத்தின் முழுச் செலவும், 2019 இல் இழந்த முற்பணத்தை விடக் குறைவு. அதன் பிறகு வவுனியா, மன்னார், முல்லைத்தீவில் இருந்து பலர் என்னிடம் விபரம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சொல்வதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் வாங்க நினைக்கும் பொருள் ஆயிரம் டொலருக்கு உட்பட்டது என்றால் சீனாவுக்குப் போகவேண்டாம். கொழும்பில் இறக்குமதி செய்து விற்பவரிடம் இரண்டு பங்கு விலை கொடுத்தாலும், பழுதடைந்தால் போய் நிற்க ஒரு கடை இருக்கும். பல ஆயிரம் டொலர் பெறுமதியான இயந்திரம், அல்லது வருடத்துக்குப் பல தடவை எடுக்கப்போகும் பொருள் என்றால் மட்டும் பயணச் செலவுக்குப் பெறுமதி உண்டு.

எப்போது போவது

குவாங்சோவில் 1957 முதல் நடந்து வரும் கன்டன் கண்காட்சி வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் மூன்று கட்டங்கள், ஒவ்வொரு கட்டமும் ஐந்து நாட்கள். வசந்த காலத்தில் ஏப்ரல் 15, ஏப்ரல் 23, மே 1 ஆகிய திகதிகளிலும், இலையுதிர் காலத்தில் ஒக்டோபர் 15, 23, 31 ஆகிய திகதிகளிலும் கட்டங்கள் ஆரம்பிக்கும். இயந்திரங்கள், மின்சாதனங்கள், கைக்கருவிகள் முதலாம் கட்டத்தில் வரும். வீட்டுப் பாவனைப் பொருட்கள், தளபாடம், கட்டடப் பொருட்கள் இரண்டாம் கட்டம். துணி, விளையாட்டுப் பொருள், காகிதாதிகள் மூன்றாம் கட்டம். கட்டம் மாறிப் போனால் நீங்கள் தேடும் பொருளின் ஒரு கூடத்தைக்கூடக் காணமாட்டீர்கள். தையல் இயந்திரம் தேடி மே மாதம் போய், பொம்மைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 15 என்பது எங்கள் சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ. வருடப்பிறப்பன்று மத்தியானம் கைவிசேடம் வாங்கிவிட்டுப் பின்னேரம் கட்டுநாயக்காவுக்கு வெளிக்கிட்டேன். அந்தக் கிழமை எங்கள் வங்கிகளும் திணைக்களங்களும் பாதி உறக்கத்தில் இருக்கும். கடிதம், அட்டை, காசு எல்லாவற்றையும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய காலமும் உண்டு. சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஒக்டோபர் முதல் வாரம் அவர்களுடைய தேசிய தின விடுமுறை. அந்த நாட்களில் புகையிரதத்தில் இடம் கிடைப்பதும் கடினம்.

சிறு சாமான், வளையல், பாத்திரம், பரிசுப்பொருள் போன்றவற்றை மொத்தமாக எடுப்பவர்களுக்குக் கண்காட்சி தேவையில்லை. செஜியாங் மாகாணத்தின் யீவூ நகரில் உள்ள மொத்தச் சந்தை புத்தாண்டு விடுமுறை தவிர வருடம் முழுவதும் திறந்திருக்கும். பல பெரும் பகுதிகள். ஒரு நாளில் ஒரு மாடியைப் பார்த்து முடித்தால் அது பெரிய காரியம்.

ஆவணங்கள்

இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சீன விசா வேண்டும். வர்த்தக விசாவை 'எம்' வகை என்பார்கள். சுற்றுலா விசாவில் போய் வியாபாரம் பேசும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதை நான் சொல்லித்தர மாட்டேன். கண்காட்சியின் இணையத்தளத்தில் கொள்வனவாளராகப் பதிந்தால் அழைப்புக் கடிதத்தை அங்கேயே எடுக்கலாம். நீங்கள் பார்க்கப்போகும் நிறுவனமும் அழைப்புக் கடிதம் தரும். கண்காட்சிக்கு முன்கூட்டியே பதிந்தால் நுழைவு அட்டைக்குக் கட்டணம் இல்லை. அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த தடவைக்கும் அதுவே போதும்.

எங்கள் ஆட்களுக்கு வரும் சிக்கல் வேறு. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்து, பின்னர் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அலுவலகங்களில் ஆவணம் எடுத்தவர்கள் நாங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டு, கடவுச்சீட்டில் இன்னொன்று, வியாபாரப் பதிவில் முதலெழுத்து மட்டும். விசாவுக்குக் கொடுக்கும் வங்கிக் கடிதம், வியாபாரப் பதிவு, கடவுச்சீட்டு மூன்றிலும் ஆங்கிலப் பெயர் ஒரே மாதிரி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கையில் வைத்திருங்கள். இந்த வேலைக்கு எனக்கு ஐந்து வாரம் போனது.

பெயர் பற்றி இன்னொன்று. சீனர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள், அதைச் சொல்லித்தான் அழைப்பார்கள். எங்கள் கடவுச்சீட்டில் முதலில் நிற்பது பெரும்பாலும் தகப்பன் பெயர். எட்டு நாளும் என்னை அப்பாவின் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். முதல் நாள் திருத்தப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். 2009 க்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் ஆவணங்களை ஒரு பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு, ஆவணத்தைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே பழக்கத்தை அங்கேயும் வைத்திருங்கள். வெளிநாட்டவர் கடவுச்சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சீனச் சட்டம். புகையிரத ஏறுமிடத்தில், விடுதியில், கண்காட்சி வாசலில் எல்லாம் கேட்பார்கள். யாரும் கடுமையாகக் கேட்பதில்லை. ஆனாலும் முதல் இரண்டு நாள் சீருடையைக் கண்டதும் என் கை தானாகப் பைக்குள் போனது.

கைபேசியும் காசும்

சீனாவில் கூகுள், வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் எதுவும் வேலை செய்யாது. அங்கே இறங்கிய பிறகு இதற்கு வழி தேடுவது பெரும் பாடு. இலங்கைச் சிம் அட்டையில் ரோமிங் வசதி எடுத்துப் போனால் அதன் ஊடாக வட்ஸ்அப் வேலை செய்யும். விடுதியின் வைஃபையில் வேலை செய்யாது. வீசாட் செயலியை ஊரில் இருந்தே பதிந்து கொள்ளுங்கள். புதிய கணக்கைத் திறக்க ஏற்கனவே பாவிக்கும் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டி வரலாம். வீசாட் இல்லாதவருடன் அங்கே ஒரு வியாபாரியும் பேசமாட்டார். வழி பார்க்க கூகுள் வரைபடத்தை நம்ப வேண்டாம். அமாப் என்ற சீன வரைபடச் செயலியைப் பாவியுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள்.

தெருவில் இளநீர் விற்பவர் வரைக்கும் எல்லோரும் கைபேசியில்தான் காசு வாங்குகிறார்கள். அலிபே, வீசாட் இரண்டிலும் வெளிநாட்டு வீசா, மாஸ்டர் அட்டைகளை இணைக்கலாம். 200 யுவானுக்கு உட்பட்ட கொடுப்பனவுக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 வீதம் வெட்டுவார்கள். உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று கிளைக்குப் போய்க் கேளுங்கள். எனது அட்டை முதல் நாள் இரவு வேலை செய்யவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த 500 யுவான் தாள்கள்தான் கைகொடுத்தன. 5,000 டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நாணயம் கொண்டுபோனால் சீனச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இயந்திரத்துக்கான காசைக் கையில் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். அது வங்கி ஊடாகத்தான் போகவேண்டும். இல்லாவிட்டால் இங்கே இறக்குமதி செய்யும்போது கணக்குக் காட்ட முடியாது.

தங்குமிடம், சாப்பாடு

கண்காட்சிக் காலத்தில் விடுதி விலைகள் ஏறிவிடும். பாசோ என்ற இடத்தில்தான் கண்காட்சி வளாகம். அருகில் தங்கவேண்டும் என்று இல்லை. மெட்ரோவின் 8 ஆம் இலக்கப் பாதை வளாகத்துக்கே போகிறது. விமான நிலையத்தில் இருந்து வரும் 3 ஆம் இலக்கப் பாதையில் ஏறி, கெச்சுன் நிலையத்தில் 8 க்கு மாறலாம். எல்லா விடுதியும் வெளிநாட்டவரை எடுப்பதில்லை. பதியும் முன் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். விடுதிக்காரரே உங்கள் விபரத்தைப் பொலிசில் பதிவார். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் நீங்களே போய்ப் பதியவேண்டும்.

நான் சியாவோபெய் பகுதியில் தங்கினேன். ஆபிரிக்க, அரபு நாட்டு வியாபாரிகள் கூடும் இடம். ஹலால் சாப்பாட்டுக் கடைகளும் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். நான் சைவம். சீனக் கடையில் மரக்கறி என்று கேட்டால் மரக்கறிதான் வரும், ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்கியோ சிப்பிச் சாறு விட்டோ வரலாம். "இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, மிருகக் கொழுப்பு இல்லை" என்று சீன மொழியில் எழுதிய படம் ஒன்றைக் கைபேசியில் வைத்திருந்து காட்டினேன். பௌத்த விகாரைகளுக்குப் பக்கத்தில் தூய சைவ உணவகங்கள் உண்டு. காலைச் சாப்பாட்டுக்குப் பருத்தித்துறை வடையும் பொரிமாவும் கொண்டுபோயிருந்தேன். சுடுதண்ணீர்க் கேத்தல் எல்லா அறையிலும் இருக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கவேண்டாம். கழிப்பறைக் கடதாசியும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

விருந்துக்கு அழைத்தால் போங்கள். அங்கே பாதி வியாபாரம் சாப்பாட்டு மேசையில்தான். குவாங்சோவில் யாராவது உங்கள் கோப்பையில் தேநீர் வார்த்தால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுவார்கள். அது நன்றி சொல்லும் வழக்கம். "கன்பெய்" என்று சாராயக் கோப்பையை உயர்த்துவார்கள். குடிக்காதவர் முதல் கோப்பையிலேயே மறுத்துவிட்டுத் தேநீரை உயர்த்தலாம், குறையாக எடுக்கமாட்டார்கள். ஒன்றைக் குடித்துவிட்டு இரண்டாவதை மறுத்தால்தான் வில்லங்கம். பரிசாக எங்கள் தேயிலை கொண்டுபோங்கள், சந்தோசப்படுவார்கள். கடிகாரமும் குடையும் கொடுக்கவேண்டாம். அவர்கள் மொழியில் அந்தச் சொற்களின் ஓசை மரணச் சடங்கையும் பிரிவையும் நினைவுபடுத்தும். அவர்களுடைய நாட்டு அரசியலைப் பேசாதீர்கள், எங்கள் அரசியலையும் பேசவேண்டாம். எங்கள் யுத்தத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். "முடிந்துவிட்டது, இப்போது மா அரைக்கிறோம்" என்றேன். அதற்கு மேல் அந்த மேசையில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

கண்காட்சியில்

வளாகம் ஏ, பி, சி, டி என நான்கு பெரும் பகுதிகள். நல்ல சப்பாத்து வேண்டும், காலணி அழகு அங்கே உதவாது. எல்லோரும் முதலில் கேட்பது உங்கள் வியாபார அட்டை. இரண்டு கையாலும் கொடுத்து இரண்டு கையாலும் வாங்குங்கள். வாங்கியதை வாசித்துப் பார்த்த பிறகே பைக்குள் வையுங்கள். நூறு அட்டை அச்சடித்துப் போனேன், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

விலை கேட்டால் கணிப்பானில் அடித்துக் காட்டுவார்கள். விரலால் காட்டினால் கவனம். பெருவிரலையும் சுட்டு விரலையும் நீட்டினால் எங்களுக்கு அது இரண்டு, அவர்களுக்கு அது எட்டு. "மெய் வென்தி" என்ற சொல்லை நாளுக்கு நூறு தடவை கேட்பீர்கள். பிரச்சினை இல்லை என்று பொருள். அது வாக்குறுதி அல்ல. நீங்கள் கேட்டது விளங்கியது என்பதற்கும் அதையே சொல்வார்கள், விளங்காவிட்டாலும் அதையே சொல்வார்கள். ஆகவே ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காதீர்கள். "மிளகாய்த்தூள் பொதி செய்யுமா?" என்றால் செய்யும் என்பார். "ஒரு நிமிடத்துக்கு 100 கிராம் பொதி எத்தனை? நிறை எவ்வளவு கூடிக் குறையும்?" என்று கேளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய பாடம் இதில்தான். பொதியிடும் இயந்திரங்களில் பருப்பு, சீனி போன்ற மணிப்பொருட்களுக்குக் கிண்ணத்தால் அளப்பது ஒரு வகை. மா, தூள் போன்றவற்றுக்குத் திருகால் தள்ளி அளப்பது வேறு வகை. தோற்றத்தில் இரண்டும் ஒன்று, விலையில் முதலாவது மலிவு. 2019 இல் நாங்கள் முற்பணம் கட்டியது கிண்ண வகைக்கு. இயந்திரம் வந்திருந்தாலும் எங்கள் மிளகாய்த்தூளுக்கு உதவியிருக்காது என்பதை ஐந்து வருடம் கழித்து அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் அறிந்தேன்.

தொழிற்சாலைக்குப் போங்கள்

கண்காட்சியில் பார்த்தவர்களில் மூவரைத் தெரிவு செய்து தொழிற்சாலைக்கு வருகிறேன் என்றேன். ஒருவர் நாள் கடத்தினார். அவர் தரகர் என்று விளங்கியது. தரகர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர், பல இடத்தில் சாமான் எடுப்பவருக்கு நல்ல தரகர் பெரிய உதவி. ஆனால் தரகர் தன்னைத் தொழிற்சாலை என்று சொன்னால் அங்கேயே எழுந்து வாருங்கள். மற்ற இருவரும் போஷானில். குவாங்சோவில் இருந்து மெட்ரோவிலேயே போகலாம். பொதியிடும் இயந்திரம் செய்யும் பல தொழிற்சாலைகள் அங்கே இருக்கின்றன.

தொழிற்சாலையில் முதலில் வியாபார அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். சுவரில் தொங்கும். அதில் 18 இலக்கங்களும் எழுத்துக்களும் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். அதைப் படம் எடுத்துச் சீன அரசின் நிறுவனத் தகவல் இணையத்தளத்தில் தேடினால், நிறுவனத்தின் சீனப் பெயர், தொடங்கிய ஆண்டு, என்ன தொழிலுக்குப் பதிந்தது என்ற விபரம் வரும். ஆங்கிலப் பெயரை யாரும் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். சட்டப்படி செல்லுபடியாவது சீனப் பெயர்தான்.

அடுத்தது உருக்கு. உணவு படும் பாகம் 304 தர துருப்பிடிக்காத உருக்காக இருக்கவேண்டும். விலை குறைக்க 201 தரத்தைப் போடுவார்கள். பார்வைக்கு வித்தியாசம் இல்லை. உப்புக்காற்றிலும் மிளகாயிலும் 201 சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனைத் திரவம் சிறு போத்தலில் அங்கேயே வாங்கலாம். நான் அதைப் பையில் இருந்து எடுத்ததும் முகாமையாளரின் முகம் மாறியது. பிறகு அவரே எந்தப் பாகம் 304, எந்தப் பாகம் 201 என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவரிடம்தான் வாங்கினேன். பிழையைப் பலர் முன்னிலையில் சத்தம் போட்டுச் சொன்னால் அவர்களுக்கு முகம் போய்விடும், காரியமும் கெடும். தனியாகக் கூப்பிட்டுக் காட்டினால் திருத்துவார்கள்.

மின்சாரம் பெரிய பிரச்சினை அல்ல. அங்கே 220 வோல்ட், இங்கே 230. அதிர்வெண் இரண்டிலும் 50. ஆனால் ஒரு கட்டமா மூன்று கட்டமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கிராமத்தில் மூன்று கட்ட இணைப்பு எடுக்கும் செலவு சில வேளை இயந்திரத்தின் விலையில் கால்வாசி வரும். நீங்கள் பாவிக்கும் பைச்சுருளில் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். கடைசியாக இயந்திரத்தை ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும். நாற்பதாவது நிமிடத்தில் ஒட்டும் தகடு கூடச் சூடாகிப் பையை உருக்கியது. அதைத் திருத்தும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒப்பந்தமும் பணமும்

முப்பது வீதம் முற்பணம், எழுபது வீதம் கப்பலில் ஏற்றும் முன் என்பது அங்கே பொது வழக்கம். கேட்பது பிழை இல்லை, யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதுதான் விடயம். வங்கிக் கணக்கின் பெயரும் அனுமதிப் பத்திரத்தில் உள்ள நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். தனிநபர் பெயரில் கணக்குத் தந்தால், வரிக்காக என்றாலும், மச்சானின் கணக்கு என்றாலும், அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தம் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அங்கே கையெழுத்தை விட நிறுவனத்தின் சிவப்பு வட்ட முத்திரைக்குத்தான் மதிப்பு. முத்திரை இல்லாத ஒப்பந்தம் வெறும் கடதாசி. உருக்கின் தரம், மின் கட்டம், ஒரு நிமிடப் பொதி எண்ணிக்கை, எத்தனை நாளில் முடிப்பது, பிந்தினால் என்ன, உதிரிப்பாகம் எவை எல்லாவற்றையும் அதில் எழுதுவியுங்கள். சூடாக்கும் கம்பி, வெட்டும் கத்தி, பட்டி, வெப்ப உணரி ஆகியவற்றை இரண்டு வருடத்துக்குத் தேவையான அளவு சேர்த்து வாங்குங்கள். அங்கே சில டொலருக்கு வரும் பட்டி இங்கே இல்லாததால் இயந்திரம் மாதக்கணக்கில் படுத்திருக்கும். கட்டுப்பாட்டுத் திரை ஆங்கிலத்தில் வேண்டும் என்றும் எழுதுங்கள்.

மிகுதிப் பணம் அனுப்பும் நேரம்தான் ஆபத்தான நேரம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று அதே மின்னஞ்சல் முகவரியில் இருந்து கடிதம் வரும். மின்னஞ்சலுக்குள் புகுந்த மூன்றாம் ஆள் அனுப்பியதாக இருக்கும். வீசாட்டில் முகம் பார்த்துப் பேசி உறுதிப்படுத்தாமல் கணக்கை மாற்றாதீர்கள். பெரிய தொகை என்றால் எஸ்.ஜி.எஸ்., பியூரோ வெரிட்டாஸ் போன்ற பரிசோதனை நிறுவனங்கள் சீனாவில் கிளை வைத்திருக்கின்றன. கட்டணம் வாங்கி ஏற்றும் முன் பார்த்து அறிக்கை தருவார்கள்.

கப்பலும் கொழும்பும்

எங்களில் பலர் விலையைக் கணக்குப் போடும்போது இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள். இயந்திரம் ஒரு முழுக் கொள்கலனை நிரப்பாது, பலருடைய சாமானுடன் சேர்த்து ஏற்றுவார்கள். விற்பனையாளர் "கொழும்பு வரை கப்பற் கூலி எங்கள் பொறுப்பு, மிக மலிவு" என்பார். மலிவுதான். மிச்சத்தைக் கொழும்பில் உள்ள முகவர் இறக்குகூலி, ஆவணக் கட்டணம், களஞ்சியக் கட்டணம் என்று உங்களிடம் எடுப்பார். கொழும்புச் செலவின் முழுப் பட்டியலையும் எழுத்தில் வாங்கிய பிறகே சம்மதியுங்கள். உங்களுக்குத் தெரிந்த கொழும்பு முகவர் ஊடாக, சீனத் துறைமுகம் வரையிலான விலைக்கு மட்டும் வாங்குவது பெரும்பாலும் நல்லது.

போகும் முன்பே வரி அடையாள இலக்கம் எடுத்து, சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிந்துவிடுங்கள். பொருளின் எச்.எஸ். குறியீட்டைச் சுங்க முகவரிடம் கேட்டு, தீர்வை எவ்வளவு, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி எவ்வளவு, அனுமதிப் பத்திரம் வேண்டுமா என்று அறியுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். மரப்பெட்டியில் வருகிறது என்றால் கிருமி நீக்கம் செய்ததற்கான ஐ.பி.பி.சி. முத்திரை மரத்தில் சுடப்பட்டிருக்க வேண்டும். இயந்திரத்தை ஏற்றும் முன் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சீனாவின் சுவான்சோ துறைமுக நகரில் 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் வைத்திருந்தார்கள். அவர்களும் கப்பற் கூலிக்குச் சண்டை பிடித்திருப்பார்கள் என்று கொழும்பு முகவரின் பட்டியலைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

எங்கள் இயந்திரம் ஆடி மாதம் வந்தது. கொழும்பில் இருந்து 300 கிலோமீற்றருக்கும் மேல் லொறியில் வந்து இரவு பத்து மணிக்கு வாசலில் நின்றபோதுதான், இறக்குவதற்குப் பாரந்தூக்கி ஒழுங்கு செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அயலில் உள்ள தம்பிமார் தென்னங்குற்றிகளை அடுக்கி, சங்கிலி போட்டு, மூன்று மணித்தியாலத்தில் இறக்கினார்கள். நீங்கள் இதையும் முதலிலேயே யோசித்து வையுங்கள். பெட்டியைத் திறக்கும்போது தொடக்கத்தில் இருந்தே காணொளி எடுங்கள். உடைவு இருந்தால் விற்பனையாளரிடமும் காப்புறுதிக்காரரிடமும் காட்ட அது ஒன்றுதான் சாட்சி.

மல்லாவித் தம்பி முற்பணம் அனுப்பவில்லை. ஒக்டோபர் 15 கட்டத்துக்குப் பதிந்திருக்கிறார். கடவுச்சீட்டிலும் வியாபாரப் பதிவிலும் பெயர் இரண்டு விதமாக இருக்கிறதாம். இந்த வாரம் சத்தியக்கடதாசி முடிக்கப் போகிறார்.